சிவப்பு மேலே

பத்தரை மணிக்கு அருங்காட்சியக வண்டி வந்தது. பதிவாளர் அம்மாவும், தூக்க இரண்டு பேரும்.

மொத்தம் முப்பத்தோரு நவீன ஓவியங்கள். நானும் என் மனைவியும் ஒன்பது வருடங்களாகச் சேர்த்தவை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அவள் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவள். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வர முடிந்த அளவில்தான் வாங்குவோம். எல்லாவற்றையும் அருங்காட்சியகத்துக்கே கொடுப்பதாக இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

அவளுடைய அண்ணன் ஒத்தாசைக்கு வந்திருந்தார். இதையெல்லாம் முதலில் பார்த்தபோது சுவரில் தண்ணீர் கசிகிறது என்று நினைத்ததாகப் பதிவாளரிடம் சொன்னார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

முப்பது படங்கள் சிக்கலில்லாமல் அட்டைக்குள் போயின. மிஞ்சியது நாங்கள் முதன்முதலில் வாங்கிய சாம்பல் படம். முழுக்கச் சாம்பல், ஒரு விளிம்பில் மட்டும் சிவப்புப் பட்டை. கையெழுத்து இல்லை. எப்படி வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளச் சொல்லித்தான் ஓவியர் விற்றார். இப்போது அவரும் இல்லை.

சிவப்பு மேலே இருக்க வேண்டும் என்பாள் அவள். கீழே என்பேன் நான். விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. அதனால் மாதம் ஒருவர் முறை. ஒன்றாம் தேதி திருப்பி மாட்டுவோம். அவள் இறந்தது என் மாதத்தில். அடுத்த ஒன்றாம் தேதி திருப்பச் சொல்லி நச்சரிக்க ஆளில்லை. படம் அப்படியே இருந்துவிட்டது.

பின்புறம் அம்புக்குறி ஒட்ட வேண்டும் என்றார் பதிவாளர்.

"எது சார் மேல்பக்கம்?"

"ரெண்டுமேன்னு எழுத முடியாதா?"

"ஒண்ணுதான் சார். ஒரு தடவை பதிஞ்சுட்டா அப்புறம் மாத்த மாட்டோம்."

"இருக்கற மாதிரியே ஒட்டச் சொல்லுங்க மாப்ள," என்றார் மச்சான். "இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கறீங்களே."

இருக்கிறபடி என்றால் நான் ஜெயித்ததாகிவிடும். அவளுக்கு இனி ஒன்றாம் தேதி கிடையாது. பதிவாளர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"சிவப்பு மேல," என்றேன்.

தூக்குபவர் படத்தைக் கழற்றி, திருப்பி, நாற்காலியில் சாய்த்து வைத்தார். எல்லோரும் பார்த்தோம்.

"இப்ப சரியா இருக்கா சார்?" என்றார் பதிவாளர்.

எனக்கு அது தலைகீழாகத்தான் தெரிந்தது. ஒன்பது வருடமும் அவளிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இருக்கு," என்றேன்.

அவர் படத்தின் பின்புறம் அம்புக்குறியை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.