ஒன்பதாவது செவ்வாய்

ஜேசுபாதம் வாத்தியார், யுத்தகாலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ்ஸை விட்டு இறங்கியபோது, யாராவது முகத்தில் காறித் துப்பினால் துடைத்துக்கொள்ள வேண்டும் என்றே தோளில் துண்டைத் தயாராகப் போட்டிருந்தார். எட்டு வாரமாக மனதை அதற்குத்தான் பழக்கி வைத்திருந்தார். தூத்துக்குடி மணல்தெரு முனையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்களோ அவரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள்.

"சார்வாள் வந்துட்டாக! ஒங்க அம்மைக்கு இப்ப எப்படி இருக்கு சார்வாள்?"

வாத்தியார் துண்டை இழுத்து விட்டுக்கொண்டார். "தேவல" என்றார். ஒரே ஒரு சொல். அதற்கே ஒருத்தி வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். இன்னொருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு, "அந்தோனியார் கைவிடல" என்றாள். அந்தோனியார் எங்கே இதில் வந்தார் என்று அவருக்கு விளங்கவில்லை.

நடந்தது இதுதான். அந்த வருஷம், நாற்பத்திரண்டில், ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு ஞாயிறு காலையில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் கிடப்பது கொஞ்சம் கடல்தானே. அடுத்த குண்டு நம் துறைமுகத்துக்குத்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பொழுது சாய்வதற்குள் பெரிய வீடுகளில் பூட்டுத் தொங்கியது. டாக்டர், வக்கீல், கமிஷன் மண்டிக்காரர் எல்லோரும் ஆத்தூரிலும் சாத்தான்குளத்திலும் திடீரென்று சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்தார்கள். மணல்தெரு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. வீரத்தினால் என்று சொல்ல மாட்டேன். சங்கு குளிக்கிறவனுக்கும் வலை வீசுகிறவனுக்கும் சாத்தான்குளத்துச் செம்மணல் மேட்டுத் தேரியில் என்ன வேலை?

அந்தத் தெருவின் மாதாகோவிலை ஒட்டித்தான் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்பு, பன்னிரண்டு விடுதிப் பிள்ளைகள், வாத்தியார்கள் இரண்டே பேர். ஒருவர் பங்குச் சாமியார் ரோச் அடிகள், மற்றவர் நம் ஜேசுபாதம். அன்று மாலைச் செபம் முடிந்ததும் பயந்துபோயிருந்த ஜனங்களுக்கு முன்னால் ஜேசுபாதம்தான் எழுந்து நின்று, "நான் இருக்கேன் சாமி. புள்ளைகள விட்டுட்டு எங்க போவேன்?" என்று முழங்கினார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடியும்போது அவர் இல்லை. கோவில் மணி அடிக்கும் கோவில்பிள்ளையிடம் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. 'தாயார் சாகக் கிடக்கிறார்கள். உடனே புறப்படுகிறேன்.'

அந்தத் தாயார் செல்லக்கனி, மகன் சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த வீட்டு வாசலில் தகரப்பெட்டியோடு வந்து நின்ற நேரத்தில், கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயதில் ஒரு தலைவலி தைலம்கூட வாங்கி அறியாதவள். அவளிடம், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள் என்று இரண்டாவது பொய்யைச் சொன்னார். கடைசியில் சும்மா உட்கார்ந்து தின்ற சோறு உறுத்தவே, பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது என்று அவளிடம் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை அங்கிருந்து கிளம்பினார். ஆத்தூரில் ஒரு உறவுக்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்கித் தைரியம் சேர்த்துக்கொண்டு இன்றைக்கு வந்து இறங்கியிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தை மூடவில்லை. கோடை விடுமுறையில்கூட ரோச் சாமியார் ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தால்தான் பெரியவர்களுக்குப் பயம் தெளியும் என்பது அவருடைய எண்ணம். அதற்கு விலையாக அவர் குரல் போயிருந்தது. வாத்தியாரைக் கண்டதும் காற்றாய் ஒரு குரல் வந்தது.

"வாரும் ஜேசுபாதம். நல்ல நேரத்துல வந்தீரு. நாளைக்கு ஒன்பதாவது செவ்வாய்."

"என்ன செவ்வாய் சாமி?"

"உம்ம சீட்டக் கோவில்ல வாசிச்சேன். அன்னைக்கே தெரு முழுக்க உம்ம அம்மைக்காக அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்துக்கிட்டாங்க. செவ்வாய்க்குச் செவ்வாய் ஒருவேளைச் சோறுதான், சின்னப் புள்ளைக உள்பட. நாளைக்கு நேர்ச்சை முடியுது, தெருவுக்கே சாப்பாடு, அசனம் வச்சிருக்கோம். வண்டிக்கார மாடக்கண்ணு கருவாடு ஏத்திக்கிட்டு உம்ம ஊர்ப்பக்கந்தான் போயிருக்கான். திரும்பி வரும்போது நடமாட்டமா இருந்தா அம்மையையும் வண்டியில கூட்டிட்டு வரச் சொல்லிருக்கு. முத இலை அவுங்களுக்குத்தான்."

வாத்தியார் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். முதல் வரிசையில், சங்கு குளிக்கும் கைத்தானின் மகள் ரோஸ் உட்கார்ந்திருந்தாள். பத்து வயது. கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை.

"அந்தப் புள்ள ஏன் சாமி கறுப்பு உடுத்திருக்கு?"

சாமியார் அவரை வெளித்தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அவ அம்மை இன்னாசியம்மா போயிட்டா. நாலாவது செவ்வாய் கழிஞ்சு காய்ச்சல் கண்டுது. டாக்டருதான் ஊர்லயே இல்லையே. கைத்தான் வந்து தெருக்கூட்டத்துல கேட்டான், மிச்சச் செவ்வாய எம் பொஞ்சாதிக்கு மாத்தி வேண்டிக்கிடலாமான்னு. ஒருத்தருக்குன்னு நேர்ந்தத நடுவுல மாத்துனா பலிக்காதுன்னு வழக்கம் இருக்குல்லா? எல்லாரும் தெகச்சிப் போயி உக்காந்துட்டாங்க. இன்னாசியம்மாதான் பாயில கெடந்துகிட்டே ஆள் விட்டுச் சொன்னா. 'சார்வாள் நம்ம புள்ளைகளுக்கு எழுத்துச் சொன்னவுக. அவுக அம்மைய நட்டாத்துல விட்றாதீக, மாத்தாதீக'ன்னு. நான் தனியா அவளுக்குப் பூசை வச்சேன். ஆனா தெரு அந்தோனியாரத்தான நம்புது! ஆறாவது செவ்வாய்க்கு மொத நாள் அடக்கம் பண்ணுனோம். மறுநா ரோஸ்தான் மெழுகுதிரி ஏந்துனா, உம்ம அம்மைக்காக."

குண்டு விழுந்திருந்தால் வாத்தியாரின் உயிர் ஒரேயடியாகப் போயிருக்கும்; இது அப்படிப் போகிற விஷயமாக இல்லை.

சாயங்காலம் அவர் செய்த காரியத்தைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. நேரே சாமியாரிடம் போய் உண்மையைச் சொல்லாமல், பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில், தட்டிக்கு இந்தப்புறம் முழந்தாளிட்டுச் சொன்னார். அங்கே கேட்டதைச் சாமியார் கழுத்தை அறுத்தாலும் வெளியே சொல்ல முடியாதல்லவா? பயந்தவனின் புத்தி அந்த நேரத்திலும் நன்றாகத்தான் வேலை செய்தது.

தட்டிக்கு அந்தப்புறமிருந்து அந்தக் கெட்டுப்போன குரல் வந்தது. "சர்வேசுரன் மன்னிச்சிருவாரு. எனக்கு அதுல சந்தேகமில்ல. தெருவுல சொல்லும்னு உம்மை நான் கட்டாயப்படுத்த முடியாது, கேட்டதா நான் காட்டிக்கிடவும் முடியாது. ஆனா ரோஸுக்கு நீரு செஞ்சத அவளுக்குப் பதிலா நான் மன்னிக்க முடியாதுல்லா?"

பாவமன்னிப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவருக்கு ஒரு குண்டுமணி பாரம்கூடக் குறைந்திருக்கவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு மாடக்கண்ணுவின் வண்டி வந்தது. செல்லக்கனி யார் கையையும் பிடிக்காமல் குதித்து இறங்கி, கருப்பட்டிப் பெட்டியைத் தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தெருவே குலவை போடாத குறைதான். கிழவிகள் அவள் கன்னத்தைத் தடவினார்கள். ஒருத்தி அவள் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். கோவிலில் அசனம் என்று மட்டும்தான் மாடக்கண்ணு சொல்லியிருந்தான்; செல்லக்கனிக்கு ஒன்றும் புரியவில்லை. மகன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஈயாடவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். "ஏலே, எனக்கு என்ன சீக்குல?"

சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, ஓடியதையும் சீட்டு எழுதியதையும் இன்னாசியம்மாளையும் எல்லாம் சொன்னார். முப்பத்தைந்து வயது ஆம்பிளை, அம்மாவுக்கு முன்னால் கால் கட்டைவிரலால் மணலைக் கிண்டிக்கொண்டு நின்றார்.

"என்னச் சாகக் கெடக்கான்னு எழுதினியே, அதக்கூடத் தள்ளிவிட்டுருதேன். இந்தச் சனம் எனக்காகப் பட்டினி கெடந்துருக்குலே. எந்த மொகத்தோட நான் அங்கன போயி உக்காருவேன்?" அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நீ சீக்காளியாக்கினா நான் சீக்காளி. நீ இல்லைன்னா இல்ல. எதுன்னாலும் உன் வாயில வரட்டும்."

கோவில் முற்றத்தில் பந்தலுக்குக் கீழே நீளமாகப் பாய் விரித்திருந்தார்கள். இருநூறு பேருக்கு இலை போட்டாயிற்று. குணமானவர் முதல் கவளம் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைப்பார்கள்; அது அங்கே வழக்கம். பந்தியின் தலைப்பில் செல்லக்கனி. அவளுக்கு அடுத்து ஜேசுபாதம். எதிர்ப்பந்தியில் கைத்தான், சவரம் செய்யாத தாடியோடு.

ரோஸ் ஓலைப்பெட்டியில் சோறு கொண்டுவந்து முதல் இலையில் வைத்தாள். மெழுகுதிரி ஏந்தியவள் அவள்தான் என்பதால் பரிமாறுகிற உரிமையும் அவளுக்கு. "நல்லாச் சாப்பிடுங்க ஆச்சி" என்றாள். "ஒங்கள ஒருநா பாக்கணும்னு எங்க அம்மை சொல்லிக்கிட்டே இருந்தா."

செல்லக்கனி சோற்றில் கை வைக்கவில்லை. மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பந்தியும் காத்திருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வயிற்றில் போகாத பிள்ளைகள் இலையையும் ஆச்சியையும் மாறி மாறிப் பார்த்தன. "கூச்சப்படுதாக" என்று யாரோ சொன்னார்கள். பந்தலோரம் நின்ற ரோச் சாமியார் செபமாலையை உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாப்பிடாமல் யாரும் சாப்பிட முடியாது. மகன் பேசாமல் அவள் சாப்பிட மாட்டாள்.

ஜேசுபாதம் எழுந்தார்.

"எங்க அம்மைக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "ஒருநாளும் இருந்ததில்ல. குண்டுக்குப் பயந்து ஓடுனேன். ஓடுறத மறைக்கப் பொய் எழுதி வச்சேன். அவ்வளவுதான்."

வாத்தியார் ஏதோ வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்து ஒரு ஆள் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். யாரும் கல்லெறியவில்லை. காறித் துப்பவும் இல்லை. இருநூறு முகமும் அவரையே பார்த்தன. அம்மணமாக நின்றிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

ரோஸ் சோற்றுப்பெட்டியை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப எங்க அம்மைக்கு வேண்டிருக்கலாமே சார்வாள்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கரும்பலகையில் வாத்தியார் போட்ட கணக்கில் தப்பு இருந்தால் எழுந்து சொல்வாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள்.

செல்லக்கனி எழுந்து, ரோஸின் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, அவளை முதல் இலைக்கு முன்னால் உட்காரவைக்கப் பார்த்தாள். பிள்ளை உட்காரவில்லை. கைத்தான் எழுந்து வந்து மகள் கையைப் பிடித்துக்கொண்டு, வாத்தியாரை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், வீட்டைப் பார்த்து நடந்தான்.

மற்றவர்கள் சாப்பிட்டார்கள். சோற்றை மண்ணில் கொட்டுகிற பழக்கம் அந்தத் தெருவுக்குக் கிடையாது. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். செல்லக்கனி உட்காராமல் பந்தி முழுக்கப் பரிமாறினாள். யாரோ ஒரு பெண் வாத்தியார் இலையிலும் சோறு வைத்து, குழம்பும் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தக் குழம்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை காலையில் அவர் தகரப்பெட்டியை எடுத்துவைத்தார். சாத்தான்குளம் பஸ் ஒன்பதரைக்கு. சாமியார் வந்து பெட்டியைப் பார்த்தார். அவருக்குக் காற்றுக் குரலும் போயிருந்தது. வருகைப் பதிவேட்டைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

மணி அடித்தது. ஜேசுபாதம் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனார். பிள்ளைகள் வழக்கம்போல எழுந்து நின்றார்கள், வழக்கம்போல உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் கறுப்புப் பாவாடை இருந்தது. பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். அந்தப் பெயர் வந்தபோது பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"ரோஸ்."

பதில் இல்லை. அவள் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வெளியே சாத்தான்குளம் பஸ்ஸின் சத்தம் கேட்டது. ஓடுவதற்குப் பாஸ்கு சமயத்தில் அவருக்கு இருந்த காரணத்தைவிட நூறு மடங்கு நல்ல காரணம் இப்போது இருந்தது. பஸ் சத்தம் தேய்ந்து மறைகிறவரை அவள் முகத்துக்கு முன்னால் அப்படியே நின்றார். பிறகு வந்திருக்கிறாள் என்று குறித்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.