மூன்று முறை பூட்டியிருந்த வீடு

செவ்வாய்க்கிழமை மதியம் மைதீன் பிச்சை பல்லாவரத்தில் அஸ்கரின் டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்திருந்தபோது போனுக்கு ஒரு செய்தி வந்தது. அவர் மனைவி நூர் பீவியின் பாஸ்போர்ட்டைத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார், வீடு பூட்டியிருந்ததால் கொடுக்க முடியவில்லை, நாளை மறுபடி வருவார்.

இரண்டு பேரும் மக்காவுக்கு உம்ரா செய்யப் போவதற்காக ஒரே நாளில்தான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார்கள். அவருடையது போன மாதமே வந்துவிட்டது. நூர் பீவியின் பெயரில் ஓர் ஆவணத்தில் இடைவெளி இருந்தது, இன்னொன்றில் இல்லை. அதைச் சரிசெய்வதற்குள் நாள் ஓடிவிட்டது. வருகிற திங்கட்கிழமைக்குள் பாஸ்போர்ட் கைக்கு வந்தால்தான் இந்தக் குழுவோடு விசாவுக்குக் கொடுக்க முடியும் என்று அஸ்கர் சொல்லியிருந்தான். அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது.

அவர் உடனே வீட்டுக்குப் போன் செய்தார். நூர் பீவி வீட்டில்தான் இருந்தாள். காலையிலிருந்து வாசலைத் தாண்டவில்லை என்றாள்.

"பாத்ரூம்ல இருந்திருப்ப. இல்லன்னா அசந்து தூங்கியிருப்ப."

"நான் எந்தக் காலத்துல பகல்ல தூங்கினேன்?" என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

அவர்கள் வீடு அனகாபுத்தூரில் பாவடித் தெருவில் இருந்தது. பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதிக்கிறோம் என்று தெருவைத் தோண்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. தெருக்காரர்கள் நுழைந்துபோக ஒரு சின்ன இடைவெளி மட்டும் விட்டு இரண்டு முனையிலும் தகரத்தை வைத்து மூடியிருந்தார்கள். வேலை முடியும் தேதி என்று பலகையில் எழுதியிருந்த தேதி போய்ப் பத்து நாள் ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு பள்ளத்தின் மேல் ஒரு பலகை போட்டிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்குக் காங்கிரீட் உடைக்கிற இயந்திரம் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அடுப்படியில் பாத்திரங்கள் அதிரும். தூசிக்குப் பயந்து எல்லோரும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்கள்.

மறுநாள் மைதீன் பிச்சை எங்கும் போகவில்லை. வாசல் கதவை அகலத் திறந்துவைத்து, அதற்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்கிற தொழிற்சாலையில் முப்பது வருடம் தரப் பரிசோதனை பார்த்தவர் அவர். ஒரு வேலை எந்த இடத்தில் தவறுகிறது என்று கிட்டத்தில் இருந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர். தலைமுடியெல்லாம் வெள்ளையாகத் தூசி படிய உட்கார்ந்திருந்தார். பதினொன்றே முக்காலுக்குப் போன் அதிர்ந்தது.

வீடு பூட்டியிருந்தது. கொடுக்க முடியவில்லை.

அவர் எழுந்து கதவைத் தொட்டுப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. நூர் பீவி அந்தச் செய்தியை வாங்கிப் பார்த்தாள். போனை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதுதான் அவரை அதிகம் சுட்டது. நேற்று அவளைக் கேட்ட கேள்வியை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் பலகையில் ஏறி எதிர்வீட்டுக்குப் போனார்.

எதிர்வீட்டில் சூர்யநாராயணன் இருந்தார். வங்கியிலிருந்து வர வேண்டிய கார்டுக்காக ஒரு மாதமாகக் காத்திருக்கிறவர். தெருவில் விசாரித்தால் இன்னும் ஏழெட்டு வீட்டில் இதே கதை. ஒருவர் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வரவில்லை, இன்னொருவர் வீட்டுக்குப் பரீட்சை நுழைவுச் சீட்டு வரவில்லை. ஆனால் மைதீன் பிச்சையின் பக்கத்து வீட்டுக்காரரான வைத்தீஸ்வரன், தான் சாயங்காலம் வீடு திரும்பும்போது தபால் ஒழுங்காக வந்து கிடப்பதாகச் சொன்னார். அது எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. அவருக்கு மட்டும் தபால்காரர் சலுகை காட்டுகிறார் என்று சூர்யநாராயணன் முடிவு கட்டினார்.

வியாழக்கிழமை கணவனும் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆற்றுப் பக்க முனையில், தகரத்துக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நூர் பீவி. பஜார் பக்க முனையில் மைதீன் பிச்சை. இரண்டு வழியைத் தவிரத் தெருவுக்கு வேறு வழி கிடையாது. பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். இடையில் தெரியாத நம்பரிலிருந்து அவருக்கு இரண்டு தடவை அழைப்பு வந்தது. லோன் வேண்டுமா என்று கேட்கிற அழைப்புகள் தினமும் வருவதால் அவர் எடுக்கவில்லை. காக்கிச் சட்டை போட்ட யாரும் இரண்டு பக்கமும் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு மூன்றாவது செய்தி வந்தது. வீடு பூட்டியிருந்தது.

அவர் நூர் பீவிக்குப் போன் செய்து, "உன் பக்கம் வந்தானா?" என்று கேட்டார்.

"யாருமே வரல. உங்க பக்கம்?"

"இங்கயும் வரல."

இரண்டு பேரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அன்று மாலையே அவர் ஒரு மனு எழுதினார். தபால்காரர் தெருவுக்கு வராமலேயே வீடு பூட்டியிருந்ததாகப் பொய் எழுதுகிறார், அவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். கீழே பதினான்கு கையெழுத்து. தபால் நிலையத்தில் அதை வாங்கிக்கொண்ட பெண் அதிகாரி சுபத்ரா முழுவதும் படித்தார். இந்தத் தபால்காரர் பாலகுரு ஒரு மாதமாகத்தான் இந்தப் பகுதிக்கு வருகிறார் என்றும், இதுவரை அவர் மேல் ஒரு குறையும் வந்ததில்லை என்றும், இருந்தாலும் பதினான்கு பேர் எழுதியிருப்பதால் விசாரித்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார். பாஸ்போர்ட்டைக் கேட்டதற்கு, அது இன்னும் பாலகுருவின் பையில்தான் இருக்கிறது, மூன்று முறை முடிந்துவிட்டதால் சனிக்கிழமையோடு அனுப்பிய இடத்துக்கே திரும்பிவிடும், உரியவர் நேரில் வந்தால் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை தொழுகை இருந்ததால் சனிக்கிழமை காலை இருவரும் போவதாக ஏற்பாடு. வெள்ளி காலையில் நூர் பீவி காய் வாங்க பஜாருக்குப் போனாள். அங்கே அங்காளம்மா மீன் கூடையோடு ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். கானத்தூர் பக்கத்துக் குப்பத்திலிருந்து வருகிறவள். வாரத்துக்கு நான்கு நாள் பாவடித் தெருவில் மீன் விற்பாள். தெருவைத் தோண்டியதிலிருந்து அவளையும் காணவில்லை. கால் வைக்க இடமில்லாததால் வருவதை நிறுத்திவிட்டாள் என்று நூர் பீவி நினைத்திருந்தாள்.

அங்காளம்மா அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன அங்காளம்மா, எங்க தெருவையே மறந்துட்டியா?"

"நானா மறந்தேன்? தெனம் உன் கேட்டாண்ட நின்னு கூவிகினுதான் போறேன். நீதான் தொறக்க மாட்டேன்றே. வேற யார்கிட்டயோ மீன் வாங்குறேன்னு நெனச்சேன்."

"எந்தக் கேட்டாண்ட?"

"இன்னாக்கா இப்படிக் கேக்குறே. பின்னாடிதான். முன்னாடி எங்க வழி கீது? கால்வா சந்து வழியாத்தான் எல்லாரும் வரோம். கேஸ் போடுறவன், தண்ணி கேன் போடுறவன், அந்தப் போஸ்ட்மேனு, எல்லாரும். அவர் பாவம், போன வாரம் அந்தச் சேத்துல வழுக்கி வுழுந்து முட்டி பேந்துகினாரு. நான்தான் தூக்கி வுட்டேன்."

நூர் பீவியின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் கால்வாயை ஒட்டி ஒரு சந்து உண்டு. ஆனால் அதை அவள் வழி என்று நினைத்ததே இல்லை. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் வீட்டுக்குள் வந்தது. தண்ணீரோடு பாம்பும் வந்தது. வடிந்த பிறகு மைதீன் பிச்சை பின் கேட்டுக்கு வெளிப்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டி, உள்பக்கம் பழைய பீரோவை நகர்த்தி வைத்துவிட்டார். அதோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் அவள் கணவரைக் கூப்பிட்டு பீரோவை நகர்த்தச் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்டார். அவள் ஒரு பக்கத்தைத் தானே தள்ள ஆரம்பித்ததால் அவரும் சேர்ந்து தள்ளினார். பீரோவுக்கும் கேட்டுக்கும் நடுவில் தரையில் தபால்கள் கிடந்தன. எட்டோ ஒன்பதோ. கேட்டின் மேல் இடைவெளி வழியாகப் போட்டவை. சில ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. மேலாக இருந்தது ஒரு சின்ன அறிவிப்புச் சீட்டு. பதிவுத் தபால் வந்திருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறது, அழைக்கவும் என்று பேனாவால் எழுதி, கீழே பாலகுரு என்று ஒரு போன் நம்பர். அதைப் போல மூன்று சீட்டுகள் இருந்தன.

சாவி எங்கே என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. குழாய் பதிக்கிற ஆட்களிடம் கடப்பாரை வாங்கி, சந்துப் பக்கமாகச் சுற்றிப் போய் அவர் பூட்டை உடைத்தார். அப்போதுதான் பார்த்தார். வரிசையில் இருந்த எல்லாப் பின்சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் கதவு எண் எழுதியிருந்தது. சாக்கடை வேலைக்கு அளவெடுக்க வந்தவர்கள் எழுதியது. பக்கத்தில் வைத்தீஸ்வரன் வீட்டுப் பின் கேட் திறந்தே கிடந்தது. கொடியில் துணி காய்ந்தது. எதிர்வரிசைக்குப் பின்னால் சந்தே இல்லை, இன்னொரு வீட்டின் சுவர்தான்.

மைதீன் பிச்சை சீட்டை எடுத்துத் தன் போனில் வந்த தவறிய அழைப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு, வியாழன் இரண்டு. எல்லாம் அதே நம்பர். அவர் சந்திலேயே, கால்வாய்க் கட்டைச்சுவரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் பொய் சொல்றான்னு எழுதிக் குடுத்துட்டேனே," என்றார்.

செவ்வாய்க்கிழமை தன்னையும் அவர் அப்படித்தான் கேட்டார் என்று சொல்ல நூர் பீவிக்கு வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. "தொழுதுட்டு வாங்க. நாளைக்குப் போய் மாத்தி எழுதிக் குடுக்கலாம்," என்றாள்.

அவர் அந்த நம்பருக்கு நான்கு தடவை அழைத்தார். யாரும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை தபால் நிலையத்தில் சுபத்ரா இரண்டாவது கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், இது புகாரா? இல்ல புகாரை வாபஸ் வாங்கறதா?"

"வாபஸ்மா. அவர் எழுதினது சரி. வீடு பூட்டித்தான் இருந்தது."

"வியாழக்கிழமை குடுத்த மனுவுல கதவு திறந்தே இருந்ததுன்னு எழுதியிருக்கீங்க."

"அதுவும் சரிதான்," என்றார் அவர்.

சுபத்ரா இரண்டு கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பின்பு சந்தைப் பற்றி, பீரோவைப் பற்றி, சிவப்புப் பெயிண்டைப் பற்றி நூர் பீவி முதலிலிருந்து சொன்னாள். கேட்டு முடித்த சுபத்ரா, பாலகுருவை நேற்றே இந்தப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். விளக்கம் கேட்டு நோட்டீஸும் போய்விட்டது. பதினான்கு பேர் கொடுத்த புகாரை ஒருவர் மட்டும் திரும்ப வாங்கினால் போதுமா என்பது அவருக்கே தெரியவில்லை. மேலே கேட்க வேண்டும் என்றார். ஆதாரைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட் உறையை நூர் பீவியிடம் கொடுத்தார். அவள் அதைப் பிரிக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பாலகுரு பின்னால் தபால் பிரிக்கிற அறையில் இருந்தார். நாற்பது வயதிருக்கும். வலது முழங்காலில் கட்டுப் போட்டிருந்தது. மைதீன் பிச்சை அவர் முன்னால் போய் நின்றார்.

"கேட்டைத் தட்டினேன் சார்," என்றார் பாலகுரு. கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக வராத ஒன்றை இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது. "மூணு நாளும் தட்டினேன். போன் பண்ணினேன். வெளிய பூட்டு தொங்கினாலும் மொத ரெண்டு நாளும் உள்ள மிக்சி ஓடுற சத்தம் கேட்டுச்சு. ஆள் இருந்தும் ஏன் தொறக்கலன்னு எனக்குப் புரியவே இல்ல. ஏதோ என்மேல கோபம்னு நெனச்சேன்."

"அது பின்பக்கம் தம்பி. எங்களுக்கு வாசல் அந்தப் பக்கம்."

"எனக்கு அதுதான் வாசல் சார். நான் வந்ததிலேர்ந்து ஒரு வாரம்தான் முன்தெருவைப் பார்த்திருப்பேன்."

மைதீன் பிச்சை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தப்பு என்னுடையது என்று சொன்னார். பாலகுரு பரவாயில்லை என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பிரித்துக்கொண்டிருந்த கட்டுக்குத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மைதீன் பிச்சை வீடு வீடாகப் பலகை ஏறி இறங்கினார். புகாரை வாபஸ் வாங்கும் மனுவில் கையெழுத்துக் கேட்டார். அவர் வரிசை வீட்டுக்காரர்கள் சந்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து போட்டார்கள். எதிர்வரிசை தயங்கியது. "உங்களுக்கு வந்தாச்சு. எங்களுக்குப் பின்வாசலே இல்லையே. அப்ப எங்க தபாலெல்லாம் எங்க போச்சு?" என்று சூர்யநாராயணன் கேட்டார். தெரியாது என்றே மைதீன் பிச்சை சொன்னார். தெரியாத விஷயத்துக்கு ஒருவர் மேல் பொய் என்று எழுதிக் கொடுத்ததுதான் நாம் செய்த தப்பு என்றும் சொன்னார். சூர்யநாராயணன் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, கையெழுத்துப் போடாமலேயே திருப்பிக் கொடுத்தார். கடைசியில் ஒன்பது பேர் தேறினார்கள்.

திங்கட்கிழமை காலை நூர் பீவி பாஸ்போர்ட்டோடு தனியாகப் பல்லாவரம் போய் அஸ்கரிடம் கொடுத்தாள். மைதீன் பிச்சை ஒன்பது கையெழுத்தோடு தபால் நிலையத்துக்குப் போனார். சுபத்ரா அதை வாங்கி முத்திரை குத்தி, மேலே அனுப்புவதாகச் சொன்னார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, புகார் என்றால் முப்பது நாள், இது என்ன வகை என்று தனக்கே தெரியாததால் சொல்ல முடியாது என்றார்.

பாலகுரு மறுபடி வர பதினேழு நாள் ஆனது. அதுவரை வந்த மாற்று ஆள், தெரு மூடியிருக்கிறது என்று எழுதி எல்லாத் தபாலையும் திருப்பிக்கொண்டிருந்தார். பதினெட்டாம் நாள் காலை, இயந்திரச் சத்தத்துக்கு நடுவில், பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நூர் பீவிக்குத்தான் சைக்கிள் மணி கேட்டது. மின்சார வாரியத்திலிருந்து ஒரு கடிதம். அவள் வாங்கிக்கொண்டு, முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தேவலை என்றார். தண்ணீர் கொடுத்தாள், நின்றபடியே குடித்தார்.

மைதீன் பிச்சை உள்ளேயிருந்து வேகமாக வந்தார். பின்வாசல் இல்லாததால் சேராமல் போகும் எதிர்வரிசைத் தபால்களை இனிமேல் தன்னிடம் கொடுத்துவிட்டால் பலகை வழியாகத் தானே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். பாலகுரு யோசித்தார். அப்படி வேறு ஆளிடம் கொடுக்க விதி இடம் தருமா என்று தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சேறு இல்லாத ஓரமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, வைத்தீஸ்வரன் வீட்டுக் கேட்டை நோக்கிப் போனார்.