கடைசி எழுத்து மட்டும் சாய்ந்திருக்கணும்

கடைகளுக்கு போர்டு செய்து தருகிறவளுக்குச் சந்தேகம் தொழில் கருவி. வாடிக்கையாளர் வாயால் கேட்பது ஒன்று, மனசில் வைத்திருப்பது இன்னொன்று. அதைத் தோண்டி எடுப்பது என் வேலை. என் நாத்தனாருக்கு இதெல்லாம் ஆகாது. அவளுக்கு வெளுத்ததெல்லாம் பால். யார் எதைக் கேட்டாலும் "சரிங்க, பண்ணிடலாம்" என்பாள். எங்கள் பட்டறையில் அவள் தகரத்தில் எழுத்து வெட்டித் திருகாணி போட்டு மாட்டுவாள். நான் வரைவேன், சந்தேகப்படுவேன்.

சாவிக்கடை அம்மா வந்த அன்றே எனக்குப் பொறி தட்டியது. கடை புதுசாம், ஆனால் போர்டு பழசாகத் தெரியணுமாம்.

"எப்படி பழசு?" என்று கேட்டேன்.

"வெயில்ல கெடந்து வெளுத்த மாதிரிம்மா. கருநீலத் தகரம், மஞ்ச எழுத்து. வலது மூலையில கொஞ்சம் துரு. கடைசி எழுத்து மட்டும் இடது பக்கமா சாஞ்சிருக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். யோசித்துச் சொல்கிறவர் நடுவில் தடுமாறுவார். இவர் எங்கேயோ தொங்கும் போர்டைப் பார்த்து ஒப்பிக்கிறார்.

"இந்த மாதிரி போர்டு எங்கயாவது இருக்கா?"

"இல்ல."

"போட்டோ?"

"இல்லம்மா."

எல்லாரிடமும் நான் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. அதையும் கேட்டேன்: "இந்த போர்டை மொதல்ல யாரு பாக்கணும்?" ரோட்டில் போகிறவர்கள் என்பார் ஒருவர். எதிர்க்கடைக்காரன் பார்த்து வயிறெரியணும் என்பார் இன்னொருவர். பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்த அம்மா வாசலைப் பார்த்தார், கைப்பையின் வாரைத் திருகினார்.

"பாக்கறவங்க பாக்கட்டும்" என்றார்.

மடியில் கனமில்லாதவர் இதற்கு ஏன் இப்படி மென்று முழுங்கணும்?

அவர் போனதும் நாத்தனார் ஆரம்பித்தாள். "பாவம் அண்ணி, ஆசைப்பட்டுக் கேக்கறாங்க."

"ஆசையாம், ஆசை! பேர் வாங்கின சாவிக்கடை எதையோ அப்படியே காப்பி அடிக்கப் பாக்கறாங்க. கள்ளச்சாவிக்குக் கள்ள போர்டு. ஜாடிக்கேத்த மூடி."

"சாவி போடறவங்க எல்லாம் கள்ளச்சாவியா போடறாங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ தகரத்தை வெட்டு."

கோபமாகத்தான் சொன்னேன். அடுத்தவன் போர்டைத் திருடிக் கொடுத்தோம் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு கிளம்பினால் போதும், எங்கள் பட்டறைப் படியை யாரும் மிதிக்க மாட்டார்கள். நானும் அவளும் சேர்ந்து கட்டிய பெயர் அது.

முதல் வரைபடத்தில் வேண்டுமென்றே ஒரு தப்பு விடுவது என் பழக்கம். வாடிக்கையாளர் அதைப் பிடித்துத் திருத்தச் சொல்லிவிட்டுத் திருப்தியோடு போவார். மற்றதில் கை வைக்க மாட்டார். இந்த முறை சாவிப் படத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாகப் போட்டு வைத்தேன். குருடர்கூடத் தடவிக் கண்டுபிடிப்பார். அந்த அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. விரலைக் கடைசி எழுத்தில் வைத்தார்.

"இன்னும் சாயணும்மா. விழற மாதிரி இருக்கும், ஆனா விழாது."

'இருக்கும்' என்கிறார்! அப்படியென்றால் எங்கேயோ இருக்கிறது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கண்ணில் பட்ட கடைத்தெருவெல்லாம் அலைந்தேன். கருநீலத்தில் மஞ்சள் எழுத்து ஒரு மருந்துக்கடையில் மட்டும் இருந்தது, அதிலும் எழுத்தெல்லாம் நிமிர்ந்து நின்றது. அசல் அகப்படாததால் சந்தேகம் கூடிப்போனது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். நிறம், துரு எல்லாம் கேட்டபடியே. கடைசி எழுத்து மட்டும் நேராக. நாளைக்கு எவனாவது சண்டைக்கு வந்தால், "உன் போர்டில் எழுத்து சாய்ந்திருக்கு, இதில் நேரா இருக்கு" என்று சொல்லலாம் இல்லையா. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

போர்டு மாட்ட நாத்தனாரும் நானும் ஏணியோடு போனோம். சின்னக் கடை. உள்ளே ஒரு மேஜை, சுவரில் ஆணி ஆணியாக வெட்டாத சாவிகள். போர்டு மேலே ஏறியதும் அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"கடைசி எழுத்து..."

"சாஞ்சிருந்தா அசிங்கமா இருக்கும்மா" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

எதிர்ப்பக்கம் விளக்குக் கம்பத்தருகே இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். "வாங்க, கடை திறந்தாச்சு" என்று அந்த அம்மா அவரைக் கூப்பிட்டார்.

பெரியவர் போர்டை நிமிர்ந்து பார்த்தார். எழுத்து எழுத்தாகப் பார்த்தார். கடைசி எழுத்துக்கு வந்ததும் தலையை ஆட்டினார்.

"இது நம்ம கடை இல்ல. அடுத்தவன் கடைக்குள்ள நான் எதுக்கு வரணும்?"

திரும்பி நின்றுகொண்டார்.

"என் வீட்டுக்காரர்" என்றார் அந்த அம்மா, குரலைத் தாழ்த்தி. "ரோட்டை அகலமாக்கறோம்னு பழைய கடையை இடிச்சுட்டாங்க. போர்டும் அதோட போச்சு. அப்புறம் இவருக்கு மறதி வந்துடுச்சு. கை மறக்கல, உக்காந்தா இன்னிக்கும் சாவி வெட்டிடுவார். உள்ள வந்து உக்காரத்தான் மாட்டேங்கிறார். அந்த எழுத்தை இடிச்சு சாச்சதே இவர்தான், ஏணி பட்டு. நேராக்கணும், நேராக்கணும்னு தினம் சொல்வார்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிம்மா சொல்றது? மறதிக்காரர்னு வெளிய தெரிஞ்சா யாரு வீட்டுச் சாவியைக் குடுப்பாங்க?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. யார் முதலில் பார்க்கணும் என்று கேட்டவள் நான்தான். பதிலைச் சொல்ல முடியாமல் அவர் வாரைத் திருகியதைக் குற்றம் என்று எடுத்துக்கொண்டவளும் நான்தான். வெட்கமாக இருந்தது. நாத்தனார் திருப்புளியை என் கையில் கொடுத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

ஏணியில் ஏறிக் கடைசி எழுத்தின் மேல் திருகாணியைக் கழற்றினேன். எழுத்து இடது பக்கம் சாய்ந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றார் அந்த அம்மா கீழிருந்து. கீழ்த் திருகாணியையும் தளர்த்தினேன். விழுகிற மாதிரி இருந்தது, விழவில்லை.

"ஏங்க" என்று அவர் மறுபடி கூப்பிட்டார்.

பெரியவர் திரும்பினார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு விறுவிறுவென்று ரோட்டைக் கடந்து வந்து ஏணியடியில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, அந்த எழுத்தை நேராக்குன்னு எத்தனை வாட்டி சொல்றது? ஏறி நின்னு வேடிக்கை பாக்கறியா?"

எந்த வாடிக்கையாளரும் என்னை இப்படிப் பேசியதில்லை, பேசிவிட்டுத் தப்பியதும் இல்லை.

"நாளைக்குக் கண்டிப்பா பண்ணிடறேன் ஐயா."

"நாளைக்கு, நாளைக்கு! உங்களுக்கெல்லாம் இதே பேச்சு." முணுமுணுத்தபடி படியேறி உள்ளே போனார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஏணியடியில் அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து பெரியவர் குரல் மறுபடியும் வந்தது.

"மறந்துடாதே, என்ன?"

"மறக்க மாட்டேன் ஐயா" என்றேன்.