வழிநீர்க் குழாய்

2008ஆம் ஆண்டு செந்தூரன் இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜில் நீர்மின் நிலையப் பொறியியலாளராக இருந்தான். அவனுடைய மனைவி தயானி டாக்டர். இருவருக்கும் ஊர் யாழ்ப்பாணம். தயானி பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டு வந்து, நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை குவாட்டர்ஸின் முன்னறையில் நோயாளர்களைப் பார்ப்பாள். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து ஆட்கள் மலை இறங்கி வருவார்கள். பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வரும் வீரம்மா என்ற பெண் வீட்டு வேலையும் செய்து, மாலையில் வாசலில் நின்று நம்பர் துண்டு கொடுத்து, ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவாள்.

முன்னறைக்கும் ஹோலுக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர்தான். அந்தச் சுவரை ஒட்டிச் செந்தூரன் கடல் மீன் தொட்டி ஒன்றை வைத்தான். அந்த வீட்டில் நாலடித் தொட்டியை வைக்க வேறு இடம் இருக்கவில்லை.

தொட்டியை அவன் நீர்கொழும்பில் அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் ஒருவரிடமிருந்து வாங்கி, வான் வண்டியில் வைக்கோல் பரப்பி, ஒவ்வொரு வளைவிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொண்டுவந்திருந்தான். உள்ளே பாறைகள், பாறையில் ஒட்டிக்கொண்டு விரல் விரலாக அசையும் மென்பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள், நீல உடம்பும் மஞ்சள் வாலுமாக ஒரு சின்ன மீன். மருந்து வாங்க வந்தவர்கள் கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கடலையே காணாத பிள்ளைகள் உள்ளே வந்து கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். தயானிக்கும் அது பிடித்திருந்தது. பிடிக்காதது சத்தம்.

தொட்டியின் ஒரு மூலையில் கண்ணாடியால் தடுத்த ஒடுங்கிய அறை ஒன்று உண்டு. மேல்தண்ணீர் சீப்புப் பற்கள் போன்ற இடுக்குகளால் அதற்குள் வழியும். அங்கிருந்து ஒரு குழாயில் இறங்கி, கீழே அலுமாரிக்குள் இருக்கும் இரண்டாவது தொட்டிக்குப் போகும். அங்கே வடிகட்டியும் சூடாக்கியும் இருக்கின்றன. ஒரு பம்பு அந்தத் தண்ணீரைத் திரும்ப மேலே அனுப்பும். பம்பு சத்தம் போடவில்லை. இறங்குகிற தண்ணீர்தான் போட்டது. கொஞ்ச நேரம் களகளவென்று இறங்கும். பிறகு குளியலறைத் தொட்டியின் கடைசித் தண்ணீரை உறிஞ்சுவதுபோல கொர்ரென்று ஒரு இழுப்பு. ஒரு நிமிஷம் அடங்கி மறுபடியும் தொடங்கும். பலகைச் சுவர் அதை அப்படியே முன்னறைக்குக் கடத்தியது.

முதல் வாரமே தயானி ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டபடி ஹோலுக்கு வந்தாள். நோயாளியின் நெஞ்சில் கேட்கிறதா தொட்டியில் கேட்கிறதா என்று தெரியவில்லை என்றாள். அதற்குப் பிறகு நாலு மணிக்குப் பம்பை நிறுத்தி ஏழு மணிக்குப் போடுவது என்று முடிவாயிற்று. ஆனால் தண்ணீர் ஓடாமல் மூன்று மணித்தியாலம் நின்றால் மென்பவளங்கள் சுருங்கிக்கொண்டன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

செந்தூரனுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. அணைக்கட்டில் மழைக்காலத்தில் வழிகிற வெள்ளத்துக்குக் கணக்குப் போடுகிறவனால், வீட்டுக்குள் ஒரு வாளித் தண்ணீரைச் சத்தமில்லாமல் இறக்க முடியவில்லை. வேலையிடத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே அதைச் சொல்லியும் விட்டார். செந்தூரன் அன்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

ஹட்டனில் இன்டர்நெட் கடை ஒன்றில் உட்கார்ந்து, வெளிநாட்டில் தொட்டி வைத்திருப்பவர்கள் எழுதியதை எல்லாம் வாசித்தான். ஒருவர் நல்லது என்றதை இன்னொருவர் கூடாது என்றார். முதலில் எளிதான வழியைப் பிடித்தான். குழாயின் மேல்முனையில் ஒரு வளைவைப் பூட்டி, மேலே மூடி போட்டு, மூடியில் காற்றுக்கு ஒரு சின்னத் துளை போடுவது. பாதிச் சத்தம் குறைந்தது. மீதி, துளையில் விசிலடித்தது. துளையைப் பெரிதாக்கினான், கொர்ரென்ற இழுப்பு திரும்பி வந்தது. வேறு மூடி வாங்கிச் சின்னதாகப் போட்டான், விசில் வந்தது. ஹட்டனில் பைப்புச் சாமான் விற்கும் ஹமீத், அவன் படியேறும்போதே மூடிகளை எடுத்து மேசையில் வைக்கத் தொடங்கினார்.

பிறகு சீப்புப் பற்களுக்குப் பின்னால் பஞ்சு வைத்துப் பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சந்தைக்குப் போன நேரத்தில் பஞ்சு நழுவி இறங்கிக் குழாய் வாயை அடைத்து, உப்புத் தண்ணீர் ஹோலெல்லாம் ஓடியது. வீரம்மாவும் தயானியும் சாக்குப் போட்டுத் துடைத்தார்கள். செந்தூரன் மரக்கறிப் பையோடு வாசலில் நின்றான். யாரும் அவனை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று அவனுக்குப் பட்டது.

ஆவணி மாதம் ஒரு மாலை நல்ல மழை. தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் கொழுந்து பறிக்கும் ரஜனி என்ற பெண், ஆறு மாத வயிற்றோடு நனைந்து வந்திருந்தாள். அஞ்சரை மணி இருக்கும். ஹோலில் செந்தூரன் தொட்டியைப் பார்த்தபடி இருந்தான். நீல மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அவனால் பொறுக்க முடியவில்லை. குழாயைத் துணியால் சுற்றிவிட்டுப் பம்பைப் போட்டான். சத்தம் குறைவாகத்தான் இருக்கிறது, மழைக்குள் கேட்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தயானியிடம் சொல்லவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு தயானி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே ஹோலில் உட்கார்ந்தாள். ரஜனியைக் கண்டிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றாள். மூச்சு முட்டிப் படுக்க முடியாமல் வந்தவளைப் பெரிய டாக்டர் சோதித்திருக்கிறார். இதய வால்வு சுருங்கியிருக்கிறது. சின்ன வயதில் வந்த காய்ச்சலின் வேலை. ஸ்டெதஸ்கோப்பில் கேட்டால் தெரியக்கூடிய சத்தம், தாழ்ந்த உறுமல். தயானி அந்த மழை மாலையில் கேட்டுவிட்டு, சளி என்று மருந்து கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"அண்டைக்குப் பம்பு போட்டிருந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

செந்தூரன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது வாய்வரை வந்தது.

"ஓம். மீன் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. மெல்லமாத்தான் போட்டனான்."

"நான் கூரைப் பீலியில மழைத்தண்ணி ஓடுது எண்டு நினைச்சன்," என்றாள் தயானி. குனிந்து செருப்பைக் கழற்றினாள். "அந்தப் பிள்ளையும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் வந்தவள்."

 அவளுக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணீர் ஆறிப் போயிற்று.

மறுநாள் செந்தூரன் லீவு போட்டுவிட்டு, தொட்டியைப் பிரிக்க வாளிகளை எடுத்து அடுக்கினான். நீர்கொழும்புக்காரரிடம் மீன்களைத் திருப்பி எடுக்கச் சொல்லிப் பேசியும் விட்டான். அவர் அடுத்த மாதம்தான் வான் வரும் என்றார். அதற்குக்கூட அவனுக்குக் கோபம் வந்தது. குழாய்மேல் கோபம், தன்மேல் கோபம், ஒரு மாதம் இதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமே என்ற கோபம். ஒரு வாளியை உதைத்தான். அது உருண்டு, கூட்டிக்கொண்டிருந்த வீரம்மாவின் காலடியில் போய் நின்றது.

வீரம்மா வாளியை நிமிர்த்தி வைத்தாள். இத்தனை மாதமும் அவள் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது சொன்னாள்.

"அய்யா, அன்னிக்கு வீடெல்லாம் தண்ணி ஓடுச்சில்லைங்களா. ஓடுறதுக்கு முந்தி கொஞ்ச நேரம் தொட்டியில சத்தமே இல்லைங்க. பம்பு நின்னுருச்சோன்னு நான் கைய வச்சுகூடப் பார்த்தேன். ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

செந்தூரன் அவளையே பார்த்தான். எவ்வளவு நேரம் என்று கேட்டான். ரெண்டு பேருக்கு நம்பர் எழுதுகிற நேரம் இருக்கும் என்றாள்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பஞ்சு குழாயைப் பாதி அடைத்தபோது தண்ணீர் தேங்கி, குழாய் வாய் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். காற்று உள்ளே போக வழியில்லை. காற்றில்லாவிட்டால் சத்தமும் இல்லை. இத்தனை நாளும் அவன் காற்றுக்கு நல்ல வழி செய்துகொடுக்கத்தான் பாடுபட்டிருந்தான். மின் நிலையத்தின் பெரிய குழாய்கள் நிறையத் தண்ணீரோடு, காற்றுக் குமிழி இல்லாமல் ஓட வேண்டும் என்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் அவன். இது ஏன் தோன்றவில்லை என்று நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அவன் வாசித்தவற்றில் இந்த முறையும் இருந்தது. இறங்கு குழாயில் ஒரு வால்வு வைத்து, குழாய் எப்போதும் நிறைந்து ஓடும் அளவுக்கு நெரிப்பது. தொட்டி நத்தை ஒன்று போய் அடைத்தாலும் வீடு வெள்ளமாகும் என்று பயந்து அவன் அதைத் தள்ளிவிட்டிருந்தான். அந்தப் பயத்துக்கும் வழி இருந்தது. கொஞ்சம் உயரமாக இரண்டாவது குழாய் ஒன்றை நிறுத்தினால், முதலாவது அடைபட்டால் தண்ணீர் அதில் இறங்கும். மூன்று குழாய் வைப்பவர்களும் உண்டு; அதுதான் மிகப் பாதுகாப்பு. ஆனால் அவனுடைய தொட்டியின் அடியில் இரண்டே துளைகள்தான். புதிதாகத் துளைத்தால் கண்ணாடி சிதறிவிடும். இறங்குவதற்கு ஒன்று, பம்புத் தண்ணீர் ஏறுவதற்கு ஒன்று. ஏறுகிற குழாயைப் பின்பக்க விளிம்புக்கு மேலால் கொண்டுவந்துவிட்டால், அந்தத் துளை இரண்டாவது குழாய்க்குக் கிடைக்கும். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி இருந்தது. போதும்.

மாலையில் தயானியிடம் சொன்னான். அவள் ஆமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. வான் வரும்வரை நேரம் இருக்கிறதுதானே என்றாள்.

அந்த ஒரு மாதமும் வால்வு தேடுவதிலேயே போயிற்று. ஹமீத்திடம் இருந்தது பித்தளை. பித்தளையில் செம்பு இருக்கிறது, உப்புத் தண்ணீரில் கசிந்து பவளத்தைக் கொன்றுவிடும். பிளாஸ்டிக்கில் இருந்ததோ கைப்பிடியைத் திருப்பினால் ஒரே அடியாகத் திறந்து மூடுவது; அதில் மயிரிழை அளவுக்கு நெரிக்க முடியாது. சுற்றிச் சுற்றித் திறக்கும் பிளாஸ்டிக் கேட் வால்வு வேண்டும். நுவரெலியாவில் இல்லை, கண்டியில் இல்லை. கொழும்பிலிருந்து எடுத்துத் தருவதாக ஹமீத் சொன்னார். பத்து நாளில் வந்தது, அளவு பிழை. செந்தூரன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைப்படியிலேயே நின்றான். ஹமீத் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தானே தொலைபேசி எடுத்து, கொழும்புக்காரரோடு சிங்களத்தில் சண்டை பிடித்தார். மூன்றாம் நாள் பஸ் கொண்டக்டர் கையில் சரியான வால்வு வந்து சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை காலை எல்லாவற்றையும் பூட்டினான். பம்பைப் போட்டதும் எப்போதையும்விட மோசமான இரைச்சல். வீரம்மா கூட்டுகிற தும்புத்தடியோடு வந்து நின்றாள். குழாயிலிருந்த காற்றெல்லாம் புகைபோலக் குமிழிகளாக வெளியேற ஒரு நிமிஷம் எடுத்தது. பிறகு செந்தூரன் வால்வைக் கால் சுற்று நெரித்தான். தண்ணீர் மட்டம் விரலளவு ஏறியது. இன்னும் கொஞ்சம். களகளப்பு மெலிந்தது. அதிகமாக நெரித்துவிட்டான், தண்ணீர் இரண்டாவது குழாயில் சலசலவென்று விழுந்தது. கொஞ்சம் திறந்தான். அப்படியே அரை மணித்தியாலம், திறப்பதும் நெரிப்பதும். கடைசியில் இரண்டாவது குழாயின் உள்சுவரில் ஒரு மெல்லிய இழை மட்டும் வழிந்தது. வேறொன்றும் கேட்கவில்லை. வெளியே யாரோ பஸ்ஸுக்குக் கைதட்டுவது கேட்டது.

தன் கையாலேயே முதல் குழாயின் வாயை அடைத்துப் பார்த்தான். தண்ணீர் முழுவதும் இரண்டாவதில் இறங்கியது. சத்தம் வந்தது, ஆனால் ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை. பம்பை நிறுத்திப் போட்டான். ஒரு நிமிஷ இரைச்சல், பிறகு தானாகவே அடங்கியது. ஐந்து முறை அப்படிச் செய்தான்.

தயானி முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வீரம்மாவை உட்காரவைத்து, முதுகிலும் நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டாள். வெளியே வந்து, ஒன்றும் கேட்கவில்லை என்றாள். செந்தூரனின் முகம் மலர்ந்தது.

"நல்லது. ஆனா நாலு மணிக்கு நிப்பாட்டுங்கோ," என்றாள்.

  அவன் அன்று நாலு மணிக்கு நிறுத்தினான். அடுத்த நாளும் நிறுத்தினான். நீர்கொழும்பு வானை வரவேண்டாம் என்று சொல்லவும் துணிவில்லை, வரச்சொல்லவும் மனமில்லை.

மூன்றாம் நாள் பலகைச் சுவரில் துளை போட்டு வயரை இழுத்தான். தயானியின் மேசையோரம், அவள் இடது கைக்கு எட்டுமிடத்தில் ஒரு சுவிட்சைப் பூட்டினான். பம்புக்கு வேறு சுவிட்ச் எங்கும் வைக்கவில்லை.

"இனி உம்மட கையில," என்றான். "எனக்குத் தெரியாமலே நிப்பாட்டலாம். நான் போடமாட்டன், போடவும் ஏலாது."

தயானி சுவிட்சை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள். அந்தக் கிழமை செந்தூரன் வானை வேண்டாம் என்று சொன்னான்.

ரஜனிக்குக் கண்டியில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. அவளுடைய இதயத்துக்குச் செய்யவேண்டியதைப் பிறகு செய்வதாகச் சொல்லி, மருந்தோடு அனுப்பினார்கள். தை மாதம் அவள் குழந்தையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு முன்னறை டிஸ்பென்சரிக்கு வந்தாள். வீரம்மா நம்பர் கேட்காமலே அவளை உள்ளே விட்டாள். தயானி அவளிடம் அன்று நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.  "பரவால்லைங்க டாக்டரம்மா," என்று சொல்லி ரஜனி குழந்தையைப் பார்த்தாள்.

ஹோலில் இருந்த செந்தூரனுக்கு எல்லாம் கேட்டது. தொட்டியில் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு, உள்ளே தயானி ஸ்டெதஸ்கோப்பை எடுத்த நேரம்போலும், சுவிட்ச் டக்கென்றது. பம்பு நின்றது. அவன் எழுந்து, கதிரையைத் தள்ளாமல் மெதுவாக வெளியே போய், விறாந்தையில் நின்றான்.