பென்சீன் வளையம்

அத்தாவின் உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கக் குனிந்த அல்தாபின் கன்னத்தில் பளாரென்று அறை விழுந்தது. அறைந்தவர் செத்துப்போன அத்தா கமாலின் தம்பி கலீல் ரஹ்மான்.

"தொடாதலே! பெத்தவரக் கொன்ன கை."

உதடு கிழிந்து அல்தாபின் சட்டையில் ரத்தம் சொட்டியது. தங்கை ஃபர்ஹீன் ஜன்னல் வழியே பார்த்தாள். அண்ணன் யாரையும் கொல்லவில்லை. அவளை அடித்த கையைத்தான் பிடித்தான்.

அவன் கையைப் பிடித்தது அன்று காலையில். மறுநாள் தேனியில் மருத்துவ நுழைவுத் தேர்வு. திராட்சை வியாபாரியான அத்தாவுக்கு வேதியியல் ஒரு எழுத்தும் தெரியாது. அடித்தே மகளை டாக்டராக்கிவிடலாம் என்று நம்பிய மனுஷர். அவள் எழுதியதைக் கைடோடு கோடு கோடாக ஒத்துப் பார்ப்பார். மாறியிருந்தால் இடது கையை நீட்டச் சொல்லி, இடுப்பிலிருக்கும் பச்சை பெல்ட்டால் விளாசுவார். இன்று பென்சீன் வளையத்தில் இரட்டைக் கோடுகளைக் கைடில் உள்ளதிலிருந்து ஒரு பக்கம் தள்ளிப் போட்டிருந்தாள்.

"எங்க தொடங்கிப் போட்டாலும் ரெண்டும் ஒண்ணுதான் அத்தா!"

"புஸ்தகத்த விட நீ பெரியவளா? நீட்டு கைய!"

முதல்முறையாக அவள் நீட்டவில்லை. பெல்ட்டின் கொக்கி முதுகைக் கிழித்தது. அல்தாப் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடிக்க, இருவரும் தரையில் கட்டிப் புரண்டார்கள். அத்தா எழவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். கலீல் கேட்டால்தானே!

அடக்கம் முடிந்து திரும்பியவர் அவள் புத்தகங்களை அள்ளி அடுப்பில் எறிந்தார். தடுக்க வந்தவளின் முடியைக் கொத்தாகப் பிடித்தார்.

"இந்தப் படிப்புதான் எங்கண்ணனத் தின்னுச்சு. நாளைக்கு எப்படி வாசப்படி தாண்டுறேன்னு பாக்குறேன்!"

திரை விலகியது. அம்மா கைருன்னிசா புருஷன் செத்ததால் திரைக்குப் பின்னே இத்தாவில் இருப்பவள், கொழுந்தன் முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாதவள். புருஷனின் பெல்ட்டோடு வெளியே வந்து ஓங்கி விளாசினாள். கலீலின் நெற்றி பிளந்தது.

"எம் மகள அவுக ஒருத்தருதான் அடிச்சாக. அவுகளும் போயிட்டாக. இனி எவன் கை வச்சாலும் வெட்டிப் போடுவேன். அவ பரீட்சைக்குப் போவா."

விடிந்ததும் அல்தாப் வீங்கிய உதட்டோடு டிவிஎஸ் ஃபிஃப்டியை உதைத்தான். சின்னமனூர் தாண்டித் தேனிக்கு ஃபர்ஹீனைக் கொண்டுபோய் விட்டான்.

தேர்வில் பென்சீன் வந்தது. வினாத்தாள் ஓரத்தில் வளையத்தை வரைந்தாள். இரட்டைக் கோடுகளை நேற்றுப் போலவே தள்ளிப் போட்டாள். சரிதான் என்று அவளுக்குத் தெரியும். விடையை நிரப்பிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள், இடது கை மேசைமேல் மல்லாந்து நீண்டிருந்தது.

மணி அடிக்கும்வரை அவள் அதை மடக்கவில்லை.