சக்கரமில்லாப் பேருந்து

பனிக்காலம் தன் இறுதி நாள்களில் இருந்தது. மரங்கள் நனைந்த மௌனத்தில் நின்றன. கூரைகள் வெண்மையைச் சுமந்து தலைகவிழ்ந்தன. கதிரவனோ எழுந்தும் எழாதவனாய் முகிற்போர்வைக்குள் புரண்டான். அத்துணைப் பேரமைதியைக் குலைத்தது ஒன்றே: பள்ளி வாசலில் முட்டிமோதிய கார்களின் ஹாரன்.

அதற்குத் தலைமையாசிரியை கண்ட மருந்துதான் நடைப் பேருந்து. முடிச்சுகளிட்ட நீண்ட கயிறு, முடிச்சுக்கொரு பிள்ளை பிடித்துப் பள்ளிவரை நடக்க, முன்னே வழிநடத்த ஒருவர். அப்பொறுப்பை வலியக் கேட்டு வாங்கினாள், மாலை முறையில் நகரப் பேருந்து ஓட்டும் ஓட்டுநரம்மா. அவள் தங்கை மகளும் அங்கேதான் படித்தாள்.

"பஸ்ஸே இல்லாத பஸ்ஸுக்கு டிரைவரா? ஹாரன் யாரு, நீயேவா?" என்றார் கணவர்.

"உங்க குறட்டைக்கு என் ஹாரன் எவ்வளவோ தேவலை!"

அன்றே கால அட்டவணை எழுதினாள், நான்கு நிறுத்தங்கள். கடைசி நிறுத்தமான பேக்கரி முனையில் ஏறுவதற்குப் பிள்ளையே கிடையாது. இருந்தாலென்ன, நிறுத்தம் நிறுத்தம்தான்.

வந்தது வினை திங்களன்று. மூன்றாம் நிறுத்தத்தை நான்கு நிமிடம் முன்னதாகவே அடைந்துவிட்டார்கள். குறித்த நேரத்துக்கு முன் வண்டியை எடுப்பது பத்தொன்பது ஆண்டுகளாக அவள் செய்யாத பாவம். நம்பி வருபவர் நடுத்தெருவில் நிற்பாரே! ஆகவே பதினான்கு பிள்ளைகளோடு ஆடாமல் அசையாமல் நின்றாள். நேரம் வந்து புறப்பட்டால் சிக்னல் சிவந்தது. அதைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் பள்ளிக் கதவும் சாத்தியாயிற்று.

"டிரைவரம்மா, இந்த வாரத்துல இன்னொரு தடவை லேட்டானா கயித்தைச் சுருட்டி ஸ்டோர் ரூம்ல போட்டுடுவேன். அவங்கவங்க பழையபடி கார்லயே வரட்டும்," என்றார் தலைமையாசிரியை.

ஓட்டுநரம்மா கயிற்றை இறுகப் பிடித்தாள். இதுவரை காரிலிருந்து மூட்டைபோல் இறக்கப்பட்ட பிள்ளைகள், எந்த மதிலில் எந்தப் பூனை உறங்கும் என்று இப்போதுதானே அறியத் தொடங்கியிருந்தார்கள்!

அடுத்த மூன்று நாளும் மயிரிழையில் தப்பினாள். வெள்ளியன்று மூன்றாம் நிறுத்தத்தில் மறுபடியும் அதே நான்கு நிமிடம். கால் தானாகப் பிரேக் போட்டது.

"பெரியம்மா, எல்லாரும் ஏறியாச்சே! யாருக்காக நிக்கிறோம்?" என்றாள் தங்கை மகள்.

ஓட்டுநரம்மா தலைகளை எண்ணினாள். பதினான்கு. தெருவைப் பார்த்தாள், வெறிச்சென்று கிடந்தது. மனசாட்சியைக் கடிந்து அடக்கி, "போலாம், ரைட்!" என்றாள்.

வளைவைத் தாண்டியதும் பாதை அடைத்துக் கிடந்தது. குறுக்கே திரும்பப் போய்ச் சிக்கிக்கொண்ட லாரிக்குப் பின்னால் கார்கள் நத்தையாய் ஒட்டிக்கொண்டிருந்தன. கயிறு மட்டும் நடைபாதையில் பாம்புபோல் நெளிந்து முன்னேறியது. நடுவே ஒரு காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே தலைமையாசிரியை!

"டிரைவரம்மா, நில்லுங்க! நானும் வர்றேன்!" காரைப் பக்கத்து இருக்கையிலிருந்த தன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தார்.

"மன்னிக்கணும் டீச்சர். ஸ்டாப் இல்லாத இடத்துல ஏத்த மாட்டேன். அடுத்தது பேக்கரி முனை."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தலைமையாசிரியை கைப்பையை இடுக்கிக்கொண்டு ஓரமாகவே நடந்து, பேக்கரி முனையில் முறைப்படி ஏறி, கடைசி முடிச்சைப் பற்றினார். அட்டவணை எழுதியவளுக்கு அன்றுதான் உச்சி குளிர்ந்தது.

கதவருகே வந்தபோது மணியடிக்க ஒரு நிமிடம் இருந்தது.

"கயித்தைச் சுருட்டிடலாமா டீச்சர்?"

"சுருட்டிட்டா திங்கட்கிழமை நான் எதுல வர்றதாம்?" மூச்சு வாங்கியபடியே சிரித்தார் அவர்.

பிள்ளைகள் உள்ளே போனார்கள். பணி முடிந்ததும் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது ஓட்டுநரம்மாவின் வழக்கம். இன்று, சிறுகைகளின் சூடு ஆறாத அந்தக் கயிற்றை இரு கண்ணிலும் ஒற்றி, எல்லாரையும் கரைசேர்த்த இறைவனை நினைந்து இமைமூடி நின்றாள்.

நடந்த கால்கள் நோவறியாது வாழ்க. அவை நடக்கும் தெருவெல்லாம் நலமே பெருகுக.