கதிரையை நோக்கிச் சரிந்த தரை

“கஜீவனைப் பற்றி எழுதின கடிதத்தைத் திருப்பி எடுங்கோ. எடுத்திட்டு அந்தக் கதிரையை விட்டு எழும்புங்கோ.”

தலைவர் பேரின்பநாதனிடம் எதைக் கேட்டாலும் எழும்பச் சொல்லி மட்டும் கேட்கக்கூடாது என்று நிரோஜாவுக்கு அவளுடைய அம்மா யோகராணி சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தாள். அவர் அந்தக் கதிரையில் இருந்து இருபத்தொரு வருடங்களாகின்றன. மொன்றியலின் பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலவறையைத் தமிழ் மன்றம் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்திருந்தது. அங்கே அவரை இரண்டு வருடங்களுக்கெனத் தெரிவு செய்தார்கள். தவணை முடிந்த அன்று, இந்தக் கையெழுத்தை வைத்துவிட்டு எழும்புகிறேன் என்றார். பிறகு எழும்பவில்லை. சாப்பாடு வீடுகளிலிருந்து முறை வைத்து வந்தது. தலைமயிர் வெட்டுகிறவர் மாதத்தில் ஒருநாள் வந்தார். நான்காம் வருடத்தில் அவருடைய காற்சட்டை எங்கே முடிகிறது, கதிரையின் மெத்தை எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் போனது. யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அவர் வைத்த கையெழுத்துகள் நன்னடத்தைக் கடிதங்களுக்கானவை. அகதி வழக்கா, வாடகை வீடா, கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் வேலையா, இன்னார் நல்ல மனிதர் என்று தலைவர் எழுதி முத்திரை குத்தினால் மொன்றியலில் கதவு திறந்தது. எழுதியது பொய்யென்றால் அவருடைய பாரம் கூடியது. அந்தப் பாரத்தில் மண்டபத்தின் தரை அவரை நோக்கிச் சரிந்தது, ஒரு பொய்க்கு ஒரு நூலளவு. முதலில் சரிந்த நாளை நிரோஜா பார்த்திருக்கிறாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. அவளுடைய பந்து தானாக உருண்டு போய்த் தலைவரின் காலடியில் நின்றது. அன்று அவர் எழுதிக்கொண்டிருந்தது அவளுடைய அப்பாவின் கடிதம். திருகோணமலையில் படகு இயந்திரம் திருத்திய மனிதரை, படையினருக்கு எதிராக முறைப்பாடு எழுதியதற்காகத் தேடப்பட்ட ஆசிரியர் என்று எழுதினார். உண்மையில் நடந்ததே வழக்குக்குப் போதும். போதாது என்றார் தலைவர். அந்தக் கடிதத்தில்தான் அவர்களுக்கு வதிவிடப் பத்திரம் கிடைத்தது, குடியுரிமை கிடைத்தது. குடும்பத்திலேயே முதல் ஆளாக நிரோஜா பட்டம் வாங்கியதும், புவாண்ட்-கிளேரில் ஒரு கிட்டங்கி அலுவலகத்தில் மேசை கிடைத்ததும் அதன் மேல்தான். அப்பா செத்த பிறகும் யோகராணி தலைவரின் முறைக்கு இடியப்பம் தவறவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மண்டபம் நைஜீரியாவின் யோரூபா மக்களுடைய சங்கத்துக்கு. தலைவர் எழும்பாதபடியால் அவர்கள் அவரைச் சுற்றிக் கதிரைகளைப் போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். வயதானவர் என்று மரியாதையாக வணக்கமும் சொன்னார்கள். அவர்களுக்கு இரண்டு வருடத்துக்கொரு தலைவர். ஒருமுறை அவர்களின் தலைவர் பிந்தி வந்துவிட்டு, பாலத்தில் வாகன நெரிசல் என்று பொய் சொன்னார். அடுத்த ஞாயிறு சபை முன் குப்புற விழுந்து மன்னிப்புக் கேட்டார். தரை சரிவென்பதால் விழுந்தவர் வழுக்கிக்கொண்டே பேரின்பநாதனின் காலடிக்கு வந்து சேர்ந்தார். பேரின்பநாதன் அவருடைய தலையில் கை வைத்து, நல்லாயிரு என்று ஆசீர்வதித்தார்.

இதை நிரோஜாவுக்குச் சொல்லிச் சிரித்தவள் போலன்லே, அந்தச் சங்கத்தின் செயலாளர், அவளுடைய வயதுக்காரி, அதே கிட்டங்கியில் வேலை. குணத்தைத் தங்கள் ஆட்கள் ‘இவா’ என்பார்கள், அது கெட்டால் கிரீடம் வெறும் தொப்பி என்றாள். தங்களுடைய பழைய ஓயோ ராச்சியத்தில் குணம் கெட்ட ராஜாவுக்கு ஏழு பிரதானிகள் மூடிய சுரைக்குடுவை ஒன்றை அனுப்புவார்களாம். திறந்தால் உள்ளே ஒன்றுமிராது. ராஜா புரிந்துகொண்டு அன்றே சாக வேண்டும்.

“உங்களில் குடுவை கொண்டு போவது யார்?” என்று கேட்டாள்.

ஒருத்தரும் இல்லை என்றாள் நிரோஜா.

“இன்னொன்றும் இருக்கு. அனுப்புகிற சபையிலும் ஒருவர் ராஜாவோடு சாக வேண்டும். சும்மா கொண்டு போக முடியாது.”

கஜீவன் நிரோஜா வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த மட்டக்களப்புப் பெடியன், டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. நான்கு மாரிகள் யாரும் கேளாமலே யோகராணியின் படிகளில் பனி அள்ளிப் போட்டவன். போன வருடப் பொதுக்கூட்டத்தில் கையை உயர்த்தி, “தலைவர் அண்ணை, தேர்தல் எப்ப?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், தலைவரும் சிரித்தார். மறுவாரம் யாரும் கேளாத கடிதமொன்று அதிகாரிகளுக்குப் போனது. இவனுடைய நடத்தை நல்லதல்ல என்று. அன்று தரை ஒரு முழு அங்குலம் இறங்கியது. வழக்கு தோற்றது. இப்போது வியாழக்கிழமை அவனை நாடுகடத்த விமானச் சீட்டுப் போட்டிருக்கிறார்கள்.

அதனால்தான் நிரோஜா சனிக்கிழமை போலன்லேயின் சங்கத்துச் சுரைக்குடுவையை வெறுமையாக மூடி எடுத்து வந்து நின்று, கேட்கக்கூடாததைக் கேட்டாள். மண்டபத்தில் முப்பத்துநான்கு பேர் இருந்தார்கள்.

“படிச்ச திமிர்,” என்றார் பொருளாளர் அம்புறோஸ். “உன்ர கொப்பருக்கு ஆர் பிள்ளை கடிதம் தந்தது?”

“அதை நான் மறக்கேல்லை அங்கிள்.”

அவள் குடுவையைத் தரையில் வைத்தாள். அது தானாகச் சறுக்கித் தலைவரிடம் போனது. அவர் மூடியைத் திறந்து பார்த்தார். கடைசி வரிசையில் யாரோ இருமி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிறைய இருக்கு பிள்ளை,” என்றார்.

அம்புறோஸ் வாங்கிப் பார்த்தார். “ஓம் தலைவர், ததும்புது,” என்று விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். விரல் உண்மையிலேயே நனைந்திருந்தது. குடுவை கைமாறிக்கொண்டு போனது. றஜனி அக்கா தன் சீலையில் சிந்தாமல் ஏந்திப் பிடித்தாள். பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர் ஒரு மிடறு குடித்து, இனிப்பாக இருக்கிறதென்றார். கடைசியாக யோகராணியிடம் வந்தது. அவள் உள்ளே பார்த்தாள். மகளைப் பார்க்கவில்லை.

“நிறைஞ்சுதான் இருக்கு,” என்றாள்.

தரை ஒரேயடியாக ஒரு சாண் இறங்கியது. பின்வரிசைக் கதிரைகள் முன்வரிசையில் வந்து மோதின. தேநீர்க் கோப்பைகள், சப்பாத்துகள், இடியப்பத் தட்டு எல்லாம் தலைவரை நோக்கிப் போயின. அவர் தட்டைப் பிடித்துச் சாப்பிடத் தொடங்கினார். செயலாளர் அடுத்த விடயத்தை வாசித்தார். தைப்பொங்கல் விழா.

நிரோஜா குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி ஏறினாள். சரிவு செங்குத்தாகிவிட்டதால் கைகளையும் ஊன்ற வேண்டியிருந்தது. யோகராணி பின்னாலேயே வந்தாள். இரண்டடி வைத்தால் ஓரடி வழுக்கியது.

“எங்கயடி போறாய்? கேட்டிட்டாய், இல்லையெண்டிட்டினம். விடன்.”

“கஜீவன்ர சட்டத்தரணியிட்ட.”

“அங்க என்ன? உன்னட்ட என்ன இருக்கு குடுக்க?”

“அப்பான்ர கடிதம். அவர் வாத்தியார் இல்லையெண்டு சத்தியக்கடதாசியில எழுதியாச்சு. இவர் எழுதிற கடிதம் பொய்யெண்டு காட்ட வேற சாட்சி இல்லையாம்.”

யோகராணி வழுக்குவதை நிறுத்தினாள். பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் நின்றாள்.

“எங்கட பத்திரத்தைப் பறிப்பாங்களடி.”

“பறிக்கலாம். சட்டத்தரணி அதையும் சொன்னவர்.”

“ஆற்றையோ பிள்ளைக்காகவோ?”

நிரோஜா வாசல் நிலையைப் பிடித்து எழும்பி நின்றாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுப் படிகளில் இன்று யாரும் அள்ளியிருக்கமாட்டார்கள்.

“கையெழுத்து காலமையே வைச்சிட்டன், அம்மா. கவனமா இறங்குங்கோ,” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.